கூலன்ட் லீக்: கசிவா, பொசிவா, ஒழுகலா?

‘கூலன்ட் லீக்’ என்று மெக்கானிக் எழுதித்தரும் சீட்டைத் தமிழாக்கினால் ‘குளிர்விப்பான் கசிவு’ என்று வரும். முதல் சொல்லில் பெரிய சிக்கல் இல்லை. ‘கூல்’ என்ற ஆங்கில வினையோடு லத்தீன் வழி வந்த ‘அன்ட்’ விகுதி சேர்ந்தது. கார் இன்ஜினின் சூட்டை இழுத்துக்கொள்ளும் இந்தத் திரவத்தில் தண்ணீரும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனமும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. எனக்கு ஒரே மனக்குறை: ஓடும் இன்ஜினில் இது 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுற்றுகிறது, கை பட்டால் வெந்துவிடும். இதைப் போய்க் குளிர் என்பதா? ‘தணிப்பான்’ என்றிருந்தால் பொருத்தம். சரி, குளிர்விப்பான் புழக்கத்துக்கு வந்துவிட்டது, இருக்கட்டும்.

‘லீக்’ பழைய நார்ஸ் மொழியின் ‘லேகா’வோடு உறவுடையது, சொட்டுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல் போதும். தமிழில் அப்படியில்லை. நீர் வெளியேறும் விதத்தைப் பொறுத்துச் சொல் மாறும், காரில் கோளாறைக் கண்டுபிடிக்கவும் அந்த வேறுபாடுதான் உதவுகிறது.

பொசிவு என்றால் வாய்க்கால் தண்ணீர் புல்லுக்குப் போவது மாதிரி. தரையில் ஒரு சொட்டும் இருக்காது. ஹோஸ் கிளிப்பைச் சுற்றியோ ரேடியேட்டர் ஓரத்திலோ வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவு மட்டும் தெரியும். இன்ஜின் சூட்டில் நீர் ஆவியாகிவிட, மிச்சம் ஒட்டிக்கொள்கிறது.

கசிவுக்கு நல்ல உதாரணம் வாட்டர் பம்ப். தண்டுக்குக் கீழே சிறு துளை ஒன்று உண்டு. ஆங்கிலக்காரர்கள் அதை ‘அழும் துளை’ என்கிறார்கள். நமக்குக் ‘கசிதுளை’ போதும். அங்கே ஈரம் தொடர்ந்து வந்தால் உள்ளிருக்கும் சீல் போய்விட்டது, பம்பை மாற்றவேண்டியதுதான்.

சொட்டுதலுக்கு ராத்திரி காருக்கடியில் ஓர் அட்டையை விரித்துவையுங்கள். காலையில் கறை எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று பாருங்கள். விரலில் வழுவழுத்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். நிறமும் வாடையும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசியுடையது, பயம் வேண்டாம். (வாயில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், இது விஷம். துடைத்துவிடுங்கள், நாய் நக்கினால் செத்துப்போகும்.)

ஒழுகலைத் தேடவேண்டியதில்லை, ஹோஸ் வெடித்தாலே போதும். ஆவி கிளம்பிய பதற்றத்தில் சூட்டோடு மூடியைத் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இந்த நான்கிலும் அடங்காதது ஒன்று உண்டு. வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் டாங்கில் அளவு குறைந்துகொண்டே போகிறது. பட்டறையில் இதற்கு ‘தண்ணி குடிக்குது’ என்பார்கள். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் தகடு) போயிருக்கலாம். புகைபோக்கியில் விடாமல் வெண்புகை வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஆயில் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் பால் டீ நிறத்தில் ஏடு படிந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.