அடுத்தவங்க நிலத்துல விறகு அறுத்து பாதி பங்கு குடுக்குறது கட்டுப்படியாகுமா?

"மரம் சாய்ஞ்சு கிடக்கு, வந்து அறுத்துக்கோ, பாதி உனக்கு பாதி எனக்கு." இப்படி யாராவது சொன்னா நம்மள்ல முக்காவாசி பேர் யோசிக்கவே மாட்டோம், சும்மா கிடைக்குற விறகுதானேன்னு அடுத்த நாளே மெஷினை தூக்கிட்டு கிளம்பிடுவோம். நான் செயின்சா, அதாவது மரம் அறுக்குற மெஷின், ஓட்ட கத்துக்குடுக்குறவன். என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் இந்த மாதிரி பங்கு விறகுக்காகவே மெஷின் வாங்கினவங்கதான், அவங்க எல்லாரும் கேக்குற கேள்வி இது, கட்டுமா சார்?

நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான். மரம் அங்க இருந்து போகணும்னு யாருக்கு அவசியம்? வீட்டு மேல சாயப்போகுது, வழியை அடைச்சுட்டு கிடக்கு, நிலத்தை சுத்தம் பண்ணனும்னா அது நிலத்துக்காரரோட தேவை. அந்த வேலைக்கு ஆள் வச்சா அவர் கூலி குடுத்தாகணும். நீங்க கூலியும் வாங்காம, விறகுலயும் பாதி குடுத்துட்டு வர்றீங்கன்னா கணக்கு எங்கயோ இடிக்குது இல்லையா. மரம் அது பாட்டுக்கு நிக்குது, உங்களுக்கு விறகு வேணும்னு நீங்களா போய் கேட்டா அது வேற விஷயம், அப்ப பங்கு குடுக்குறது நியாயம்தான்.

அப்புறம், மரமும் விறகும் ஒண்ணு இல்ல. சாய்க்கணும், கிளை கழிக்கணும், அளவா துண்டு போடணும், வண்டி வர்ற இடம் வரைக்கும் இழுத்துட்டு வரணும், பிளக்கணும், ஏத்தி இறக்கி அடுக்கி மாசக்கணக்குல காய வைக்கணும். பெட்ரோல், ஆயில், அரம், தேஞ்சு போற செயின் எல்லாம் உங்க கணக்குல. எங்கிட்ட கத்துக்கிட்ட ஒரு பையன் நான் சொன்னேன்னு மணிக்கணக்கை நோட்டுல எழுதி வச்சான், ரெண்டு பேரா நாலு ஞாயித்துக்கிழமை போயிருக்காங்க, மரம் இருந்தது வண்டி போகாத பள்ளத்துல, கடைசியா பார்த்தா அந்த நேரத்துக்கு வேற வேலைக்கு போயிருந்தா வந்த காசுல பிளந்து காய்ஞ்ச விறகையே வாங்கியிருக்கலாம். அதனால வண்டி பக்கத்துல போய் நிக்குற இடம்னா சரிபாதி ஓகே, பள்ளம் மேடுன்னா மூணுல ஒரு பங்குக்கு மேல குடுக்காதீங்கன்னுதான் சொல்வேன்.

பிரிக்கும்போது எடை போட்டு பிரிக்காதீங்க. பச்சைக்கட்டையில பாதி வரைக்கும்கூட தண்ணிதான், 100 கிலோவை நல்லா காய வச்சா 60 கிலோ சொச்சம்தான் நிக்கும், ஒருத்தர் இன்னைக்கும் ஒருத்தர் ஆறு மாசம் கழிச்சும் எடை போட்டா மனஸ்தாபம் நிச்சயம். குவியலா கொட்டியும் பிரிக்க வேண்டாம், குவியல்ல காத்துதான் அதிகம். ஒரே உயரத்துல வரிசையா அடுக்கி வரிசை கணக்குல பிரிங்க. அடுக்குறது நீங்க, எந்த வரிசை வேணும்னு முதல்ல எடுக்குறது அவர், அப்படி வச்சுக்கிட்டா பருமனான கட்டையும் சுள்ளியும் தானா சமமா வந்துரும்.

இதெல்லாம் காசு கணக்கு. நான் இதை எழுத உக்காந்தது வேற ஒண்ணுக்காக. பங்குன்னு வந்துட்டா நிலத்துக்காரர் வீட்டுல இருக்க மாட்டார், தன்னோட பாதிக்கு தானும் கை குடுக்கணும்னு நல்ல மனசோட வந்து பக்கத்துல நிப்பார். ஆரம்ப காலத்துல நானும் ஒருத்தர் நிலத்துல இப்படி அறுத்தேன். சரிவான இடம், நான் மேல துண்டு போடுறேன், அவர் கீழ நின்னு கிளை பொறுக்குறார். ஒரு துண்டு உருண்டுச்சு, நான் கத்துறதுக்குள்ள அவர் முழங்காலுக்கு கீழ எலும்பு உடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரி செலவு யாரோடதுன்னு நாங்க பேசியே வைக்கல. அவர் ஒரு வார்த்தை கேக்கல, நானா குடுத்தேன், ஆனா அவர் கீழ நிக்கும்போது மெஷினை ஆஃப் பண்ணாதது என் தப்பு, அது இன்னைக்கும் உறுத்துது.

மரம் சாய்க்கும்போது அதோட உயரத்துல ரெண்டு மடங்கு தூரத்துக்குள்ள வேற ஆள் இருக்கக்கூடாது. சரிவுல கட்டைக்கு கீழ்ப்பக்கம் யாருமே நிக்கக்கூடாது, நீங்களும்தான். காத்துல சாய்ஞ்ச மரம் நிக்குற மரத்தை விட சுலபம்னு நினைக்குறாங்க, உண்மையில அதுதான் மோசம். வளைஞ்சு அமுங்கி கிடக்குற கட்டை வில்லு மாதிரி, இழுபட்டு விறைப்பா இருக்குற பக்கத்துல முதல்ல வாளை வச்சா படார்னு பிளந்து அடிக்கும், அதனால அமுங்கின பக்கம் கொஞ்சம் அறுத்துட்டு அப்புறம் இழுபட்ட பக்கம் வரணும், நீங்க நிக்குறதும் அது தெறிக்குற பக்கமா இருக்கக்கூடாது. வேரோட பேந்த மரத்துல அடிமரத்தை துண்டிச்சதும் தூர் திரும்ப எழுந்து குழியில போய் உக்காரலாம், அந்த குழிக்குள்ள யாரும் இல்லன்னு பார்த்துட்டுதான் கை வைக்கணும். இன்னொரு மரத்துல சிக்கி பாதியில நிக்குறதுக்கு அடியில போகவே போகாதீங்க. காய்ஞ்சு நிக்குற மரம் விறகுக்கு நல்லதுதான், ஆனா அறுக்குற அதிர்வுல உச்சிக்கிளை உடைஞ்சு தலைக்கு நேரா வரும். மெஷினோட வாள் நுனி மேல்பாகம் எதுலயாவது பட்டா அது முகத்தை நோக்கி எகிறும், செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடுது, விலகலாம்னு மூளை யோசிக்குற நேரமே இருக்காது. ஹெல்மெட், கண்ணுக்கு வலை, காதுக்கு மஃப், வெட்டு தாங்குற பேன்ட், பூட்ஸ், இது இல்லாம பங்கு விறகுக்கு மட்டும் இல்ல, எதுக்குமே போகாதீங்க. தனியாவும் போகாதீங்க.

அனுமதியை எழுதி வாங்கிக்கோங்க, எந்தெந்த மரம்னு பெயின்ட் அடிச்சு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எல்லாத்தையும் எடுத்துக்கோன்னு அண்ணன் சொல்லுவார், மறுநாள் தம்பி வந்து அது என் பாகம்னு நிப்பார். எல்லை மேல நிக்குற மரம்னா ரெண்டு பக்கத்துக்காரரும் சொல்லாம தொடாதீங்க. வேலியோரத்து மரத்துக்குள்ள ஆணியும் கம்பியும் மூடி வளர்ந்திருக்கும், செயின் போயிரும். பச்சை விறகை ரொம்ப தூரம் கொண்டு போகாதீங்க, பட்டைக்குள்ள இருக்குற வண்டும் கூடவே போகும், வட அமெரிக்காவுல 2002ல கண்டுபிடிச்ச ஒரு பச்சை வண்டு விறகு வண்டியிலயே ஊர் ஊரா பரவி கோடிக்கணக்கான மரங்களை அழிச்சிருச்சு.

போன மாசம் ஒருத்தர் கூப்பிட்டார், ரெண்டு பெரிய மரம் ஒண்ணு மேல ஒண்ணு சிக்கி கிடக்கு, முக்கால் பங்கு நீயே எடுத்துக்கோன்னார். போய் சுத்தி பார்த்தேன், இது பங்குக்கு அறுக்குற மரம் இல்லைங்க, இழுவை மெஷின் வச்சு எடுக்குற ஆளை கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு, ஓரமா தனியா கிடந்த ஒரு சின்ன மரத்தை மட்டும் அறுத்து சரிபாதியா அடுக்கி வச்சுட்டு வந்தேன்.