டிஸ்க் எங்கண்ணா போடறது? கன்சோல் வாங்குமுன் ஒரு ரிப்பேர் கடைக்காரனின் பேச்சு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடையை மூடும் நேரத்துக்கு அப்பாவும் மகனுமாக வந்தார்கள். பையன் எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பான். அப்பா கையில் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎஸ்5 (டிவியில் மாட்டி விளையாடும் சோனியின் பிளேஸ்டேஷன் 5), பையன் தோளில் தொங்கிய பையில் அதற்கு முந்தைய பிஎஸ்4-இன் ஏழு கேம் டிஸ்க். கன்சோலை மேசைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "டிஸ்க் எங்கண்ணா போடறது?"

எங்கேயும் போட முடியாது. அது டிஜிட்டல் எடிஷன், டிஸ்க் போடும் வசதி இல்லாமல் கேமை இன்டர்நெட்டில் மட்டும் இறக்கும் மாடல். "ஏனுங்க, ரெண்டும் ஒண்ணுதான், இது வெலை கம்மின்னு சொன்னாங்களே" என்றார் அப்பா. விற்றவர் பொய் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் சிப், வேகம் எல்லாம் ஒன்றுதான். 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஜிட்டல் 39,990. அந்தப் பத்தாயிரத்தில் போனது ஒரு டிஸ்க் டிரைவ். அதோடு இவனுடைய ஏழு கேமும் போயிற்று. டிஸ்க் மாடலாக இருந்திருந்தால் ஏழும் அப்படியே ஓடியிருக்கும். பிஎஸ்4 கேம்களில் மிகச் சிலவற்றைத் தவிர எல்லாமே பிஎஸ்5-இல் ஓடும். 2023 கடைசியில் வந்த ஸ்லிம் மாடலாக இருந்தால்கூட டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம், முதல் தடவை மட்டும் இன்டர்நெட் வேண்டும். இவர்கள் கொண்டுவந்தது 2020 மாடல். அதில் மாட்ட இடமே கிடையாது.

காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் பதினைந்து வருடமாகக் கன்சோல் ரிப்பேர் பார்க்கிறேன். ரிப்பேர் கேள்விகளைவிட "பிஎஸ்5 நல்லதா, எக்ஸ்பாக்ஸ் நல்லதா" என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர் யூடியூபில் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருவார். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 12 டெராஃப்ளாப் (சிப்பின் வேகக் கணக்கு), பிஎஸ்5-இல் 10.28 என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். டெராஃப்ளாப் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டு என் கடைக்குத் திரும்பி வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. வருத்தப்பட்டு வருகிறவர்கள் எல்லாம் கேம் விஷயமாகத்தான் வருகிறார்கள். நினைத்த கேம் இதில் இல்லை, வாங்கிய கேம் காணோம், நண்பனோடு சேர்ந்து விளையாட முடியவில்லை.

இது இன்றைக்கு நேற்று வந்த சங்கதி இல்லை. 1996-இல் வந்த நின்டெண்டோ 64, சிப்பின் பலத்தில் சோனியின் முதல் பிளேஸ்டேஷனுக்கு முன்னால்தான் நின்றது. ஆனால் கேமைக் கார்ட்ரிட்ஜில் போட்டது. அதில் அதிகபட்சம் 64 எம்பி அடங்கும். சிடியிலோ 650 எம்பி. அதுவரை நின்டெண்டோவுக்கே கேம் செய்து வந்த ஸ்கொயர் நிறுவனம் ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐத் தூக்கிக்கொண்டு சோனி பக்கம் போய்விட்டது. 1997-இல் அந்தக் கேம் மூன்று சிடியாக வந்தது. முடிவில் அந்த பிளேஸ்டேஷன் பத்துக் கோடிக்கு மேல் விற்றது, நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடியோடு நின்றது. (நம் ஊர் அப்போது 'லட்சம் கேம்' என்று லேபிள் ஒட்டிய டிவி கேம் கேசட்டில் இருந்தது. போட்டுப் பார்த்தால் மரியோவும் கான்ட்ராவும் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். கேம் எண்ணிக்கையை நம்பக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.)

சரி, இப்போது கடையில் இருக்கும் மூன்றுக்கு வருவோம்.

தனியாக உட்கார்ந்து கதை கதையாக விளையாடுபவருக்கு பிஎஸ்5 என்று சொல்லத் தயங்க மாட்டேன். காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன் போன்றவை எக்ஸ்பாக்ஸுக்கு வருவதில்லை. எக்ஸ்பாக்ஸ் கேம்கள்தான் பெரும்பாலும் பிஎஸ்5 பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. 2024-இல் சீ ஆஃப் தீவ்ஸ் பிஎஸ்5-க்கு வந்தது, 2025 ஏப்ரலில் ஃபோர்ஸா ஹொரைசான் 5 வந்தது. ஃபோர்ஸாவுக்காகவே எக்ஸ்பாக்ஸ் வாங்கிய என் வாடிக்கையாளர் ஒருவர் அன்று போன் போட்டுத் திட்டினார். ஏதோ நானே முடிவெடுத்தது மாதிரி.

அதற்காக எக்ஸ்பாக்ஸ் மட்டம் என்று அர்த்தமில்லை. பழைய கேம்களைக் காப்பாற்றி வைத்திருப்பதில் மற்ற இருவரும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. முதல் எக்ஸ்பாக்ஸ், அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் சேர்த்து அறுநூறுக்கு மேற்பட்ட கேம்கள் இன்றைய சீரிஸ் எக்ஸில் ஓடுகின்றன. பழைய டிஸ்க் கையில் இருந்தால் அதைப் போட்டால் போதும், கேம் இன்டர்நெட்டில் இறங்கி ஓடும். பிஎஸ்5-இல் பிஎஸ்3 டிஸ்க்கோ பிஎஸ்2 டிஸ்க்கோ போட்டால் ஒன்றும் நடக்காது. கேம் பாஸ் என்ற எக்ஸ்பாக்ஸ் சந்தா வாடகை வீடு மாதிரி. மாதாமாதம் கட்டும்வரை இருக்கலாம், உள்ளே இருக்கும் கேம்களும் வரும், போகும். நிறைய விளையாடி நிறைய மறக்கிறவர்களுக்கு அது லாபம். வருடத்துக்கு இரண்டே கேம் விளையாடுகிறவர் ஏன் வாடகை கட்ட வேண்டும்? விலை குறைவு என்று சீரிஸ் எஸ் எடுக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம்: அதிலும் டிஸ்க் டிரைவ் கிடையாது, முதலில் வந்த 512 ஜிபி மாடலில் நமக்கு மிஞ்சும் இடம் சுமார் 364 ஜிபி. நூறு ஜிபிக்கு மேல் தின்னும் கேம்கள் இப்போது சகஜம். மூன்று போட்டால் இடம் முடிந்தது.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் தனி உலகம். மரியோ, ஸெல்டா, போக்கிமான் கன்சோலில் வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், ஒரே சோபாவில் நான்கு பேர் உட்கார்ந்து மரியோ கார்ட் ஓட்ட வேண்டுமென்றால் நான் அதைத்தான் காட்டுவேன். ஆனால் நின்டெண்டோ நம் நாட்டில் நேரடியாக விற்பதில்லை. கடைகளில் கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு, வாரண்டி என்பது விற்றவரின் வாய்ச்சொல். நின்டெண்டோவின் சொந்த கேம்கள் வருடக்கணக்கானாலும் விலை இறங்குவது அபூர்வம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கேம்களின் கார்டுக்குள் கேமே இருக்காது, வெறும் சாவி மட்டும் இருக்கும். கார்டைச் செருகிவிட்டு முழுக் கேமையும் டவுன்லோட் செய்ய வேண்டும். அட்டைப்பெட்டியின் முன்பக்கத்திலேயே அதைப் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னும் ஒன்று, நண்பர்கள். பையனின் வகுப்பில் பாதிப் பேர் இஎஸ்போர்ட்ஸ் ஆசையில் எஃப்சி ஃபுட்பால் விளையாடுகிறார்கள் என்றால், அவர்கள் எதில் விளையாடுகிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். பிஎஸ்5-உம் சீரிஸ் எக்ஸும் அதில் ஒன்றோடொன்று மோதலாம். பிஎஸ்4 வைத்திருப்பவன் பிஎஸ்5 வைத்திருப்பவனோடு மோத முடியாது. ஒரே கம்பெனி பெட்டிதானே என்று பழையதை வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

இனி எனக்கு எரிச்சல் தரும் பகுதிக்கு வருகிறேன்.

ஒரு கல்லூரிப் பையன் பிஎஸ்5-ஐத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுண்ணா, எந்தக் கேமும் ஓப்பன் ஆகல" என்றான். ஆன் செய்தேன். பதினோரு கேமும் திரையில் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டிப் பூட்டு. ஸ்டோரேஜில் ஒரு குறையும் இல்லை. இன்ஸ்டாகிராமில் யாரோ 'பிரைமரி' என்று சொல்லி ஒரு கேம் எண்ணூறு, ஆயிரம் என்று விற்றிருக்கிறார்கள். அதாவது விற்றவர் தன் அக்கவுன்ட்டில் கேமை வாங்கி, அந்த அக்கவுன்ட்டை இவன் கன்சோலில் போட்டுவிட்டு, அதையே வேறு சிலருக்கும் விற்பார். பாஸ்வேர்டு அவர் கையில். அவர் ஒரு நாள் இவன் கன்சோலுக்குக் கொடுத்த அனுமதியை நீக்கினாலோ, சோனி அந்த அக்கவுன்ட்டை முடக்கினாலோ இவன் கன்சோலில் பூட்டு விழும். புகார் கொடுக்க பில்லும் இல்லை, பெயரும் இல்லை. கேம்கள் ஒரு நாளும் இவனுடையவையாக இருந்ததே இல்லை. அதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கில் செக்கிங் சார்ஜ் கேட்க மனம் வரவில்லை.

ஜெயில்பிரேக் செய்த, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைத்துத் திருட்டு கேம் ஓட வைத்த பிஎஸ்4, ஸ்விட்ச் கதையும் இதற்கு அண்ணன்தான். 'நாற்பது கேம் ஃப்ரீ' என்று விற்பார்கள். அதைப் பழைய சாஃப்ட்வேரிலேயே வைத்திருக்க வேண்டும், ஆன்லைன் பக்கம் போனால் கன்சோலையே தடை செய்துவிடுவார்கள். விவரம் தெரியாமல் வீட்டில் யாராவது அப்டேட் அழுத்தினால் நாற்பதும் காலி. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது கன்சோலை விற்பவர் கண்முன்னாலேயே உங்கள் வைஃபையில் சேர்த்து, உங்கள் அக்கவுன்ட்டில் ஆன்லைன் போகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு டிஸ்க் போட்டுப் பாருங்கள். டிரைவைத் தனியாக மாட்ட முடியாத மாடல்களில் டிஸ்க் டிரைவின் போர்டும் மெயின் போர்டும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்தவை. அவற்றில் இன்னொரு கன்சோலிலிருந்து டிரைவைக் கழற்றி மாட்டினால் டிஸ்க் உள்ளே போகும், வெளியே வரும், கேம் மட்டும் ஓடாது. லென்ஸ் போனால் மாற்றித் தருவேன். அந்தப் போர்டு போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அன்போடு வாங்கிவரும் டிஸ்க்கும் சில சமயம் தலைவலி. அமெரிக்க டிஸ்க் நம் பிஎஸ்5-இல் தாராளமாக ஓடும். ஆனால் அந்தக் கேமின் கூடுதல் பகுதியை நம் இந்திய அக்கவுன்ட்டில் காசு கொடுத்து வாங்கினால் பெரும்பாலும் ஒட்டாது. அக்கவுன்ட்டின் நாட்டை மாற்றவும் வழி இல்லை. முன்பெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இன் 110 வோல்ட் அடாப்டரை நேராக நம் 230-இல் செருகி, கருகிய வாசனையோடு கொண்டுவருவார்கள். அந்தத் தொல்லை இப்போது குறைந்திருக்கிறது.

ரிப்பேருக்குக் கொடுக்கும்முன் சேவ் (எதுவரை விளையாடினோம் என்ற பதிவு) விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்4-இல் சேவ்களைப் பென்டிரைவில் எடுத்து வைக்கலாம். பிஎஸ்5 கேம்களின் சேவ்களைப் பென்டிரைவில் எடுக்க முடியாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் மட்டும் கிளவுடில் ஏறும். டிஜிட்டலாக வாங்கியதும் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நின்டெண்டோ 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ என்ற தன் பழைய கன்சோல்களின் ஆன்லைன் கடைகளை மூடியது, மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடையை மூடியது. முன்பே வாங்கியவற்றைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். புதிதாக வாங்க முடியாது.

அந்த அப்பாவும் மகனும் மறுநாளே விற்றவரிடம் பேசி, கூடக் கொஞ்சம் பணம் கொடுத்து டிஸ்க் மாடலாக மாற்றிக்கொண்டார்கள். அடுத்த வாரம் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். எச்டிஎம்ஐ போர்ட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், உள்ளே வளைந்த ஊசி எதுவும் இல்லை. பையன் ஏழு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகப் போட்டான், ஏழும் ஓடின. கடைசியில் போட்டது அவன் பாதிக்கு மேல் முடித்து வைத்திருந்த கேம். 'புதிய ஆட்டம்' என்ற ஒரே வரிதான் திரையில் வந்தது. பழைய பிஎஸ்4-ஐ விற்கும்போது சேவ்களை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவன் அப்பாவைப் பார்த்தான், அப்பா என்னைப் பார்த்தார். நான் கன்ட்ரோலரை அவனிடமே நீட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எக்ஸ் பட்டனை அழுத்தினான்.