மாறியா, மாரியா?

பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணிதத்தையும், கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சையும் சேர்த்துச் சொல்லித் தருகிறேன். முதல் முறை 'மாறி' (variable, மாறக்கூடிய எண்ணுக்கு வைக்கும் பெயர்) என்று வாயால் மட்டும் சொன்னபோது, "குயின் ஸ்திரீட் கோயில் மாரியா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ர, ற இரண்டும் நம் வாயில் ஒன்றாகி நாளாகிவிட்டது.

அதைவிடப் பெரிய குழப்பம் என்னால் வந்தது. மாறி என்பது ஒரு பெட்டி, அதில் எண்ணைப் போட்டு வைக்கலாம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் 'விலை'யில் 7 வைத்தான், அப்புறம் 12 வைத்தான். இப்போது உள்ளே என்ன இருக்கும் என்றேன். "19." சரிதானே? பெட்டியில் இரண்டு போட்டால் இரண்டும்தான் இருக்கும். அன்றிலிருந்து மாறியைச் சிலேட்டு என்கிறேன். புதிதாக எழுத வேண்டுமென்றால் பழையதை அழித்தாக வேண்டும்.

அடுத்த சிக்கல் சமக்குறி. 8 + 4 = __ + 5 என்று எழுதிப் போட்டுப் பாருங்கள்; நிறையப் பிள்ளைகள் 12 என்பார்கள். அவர்களுக்கு அந்தக் குறி 'விடை வருகிறது' என்கிற அறிவிப்பு மட்டும்தான். 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் அதை இரண்டு இணைகோடுகளாக வரைந்ததே, அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் கிடையாது என்பதற்காக. இந்த நிலையில் இருக்கிற பிள்ளையிடம், விளையாட்டுப் புள்ளியில் ஒன்று கூட்டப் பல நிரல்மொழிகளில் எழுதுவதுபோல 'புள்ளி = புள்ளி + 1' என்று காட்டினால் என்ன ஆகும்? கணிதத்தில் அது நடக்காத காரியம். ஸ்கிராட்ச்சில் இந்த வம்பு இல்லை. எண்ணை வைப்பதற்கு ஒரு கட்டை, கூட்டுவதற்கு இன்னொன்று. சமக்குறி பச்சைக் கட்டையில், உண்மையா பொய்யா என்று கேட்க மட்டும் வருகிறது. இரண்டு கட்டைகளையும் மாற்றிப் போட்டுவிட்டு, புள்ளி 1இலேயே நிற்கிறது, கணினி கெட்டுப்போச்சு என்று புகார் சொல்வார்கள். அது நல்ல தவறு, விட்டுவிடுவேன்.

எழுத்தில் நிரல் எழுதும் பைத்தான் மொழிக்கு எப்போது போவீர்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். அங்கே ஒற்றைச் சமக்குறி எண்ணை வைக்க, இரட்டை ஒப்பிட. 8 + 4 = __ + 5இல் அந்தக் கோட்டில் 7 எழுதத் தெரிந்த பிறகு போகலாம் என்பேன். சிலருக்கு முகம் வாடும்.

எனக்குப் பிடித்த பாடம் கடை ரசீது. 2008 ஏப்ரலிலிருந்து மலேசியாவில் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமைப்படுத்துகிறார்கள் அல்லவா? ரிம (ரிங்கிட்) 7.83ஐ 'மொத்தம்' என்ற மாறியில் வைத்து, 20ஆல் பெருக்கினால் 156.6. முழுமைப்படுத்தினால் 157. திரும்ப 20ஆல் வகுத்தால் 7.85. ஏன் 20? ஒரு ரிங்கிட்டில் எத்தனை 5 சென் என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக முழுமைப்படுத்தினால் என்ன என்று ஒரு வாண்டு கேட்டது. ரிம 1.02க்கு மூன்று பொருள் வைத்துப் பார்த்தோம்: ஒரு வழியில் 3.00, மறு வழியில் 3.05. கடையில் நடப்பது இரண்டாவது.

மறுவாரம் ஒருத்தி அம்மாவின் ரசீதைக் கொண்டுவந்து, முழுமைப்படுத்தக் கழித்ததாக அதிலிருந்த -0.02ஐக் காட்டினாள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி நிற்பதை அவள் பாடநூலில் இன்னும் பார்த்ததில்லை.

"இதையும் மாறியில வைக்கலாமா டீச்சர்?"

வைத்துப் பார் என்றேன்.