மார்கழியில் மாமரத்துக்குத் தண்ணீர் வேண்டாம்

"மரம் நல்லா செழிப்பா இருக்கு, ஆனா பூவே வைக்கல." சென்னையில் வீட்டுத் தோட்டத்தில் மாமரம் வளர்ப்பவர்கள் அடிக்கடி புலம்புவது இது. சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எரு வைத்து, தண்ணீரும் ஊற்றுவார்கள். மரம் மேலும் செழிக்கும், பூ மட்டும் வராது.

கிளை நுனியில் உறங்கும் மொட்டு, இலைக்கென்றோ பூவுக்கென்றோ முன்பே ஒதுக்கப்பட்டதல்ல. அது விழிக்கும் நேரத்தில்தான் எதுவென்று முடிவாகிறது. முதிர்ந்த இலைகள் ஃப்ளோரிஜென் என்ற புரதத்தைச் செய்து, சர்க்கரை போகும் குழாய்கள் வழியாக மொட்டுக்கு அனுப்புகின்றன. இளங்கிளையிலோ பூப்பதைத் தடுக்கும் ஜிப்ரெல்லின் ஹார்மோன் அதிகம். எதன் கை ஓங்கியிருக்கிறதோ அதற்கேற்பப் பூங்கொத்தோ செம்பு நிறத் தளிரோ வெளியே வரும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மொட்டும் உண்டு. தை மாதம் மரத்தடியில் நின்று தேடுங்கள்: பூங்கொத்தின் காம்பிலேயே குட்டிக் குட்டி இலைகள் ஒட்டிக்கொண்டிருப்பது சில கிளைகளில் தெரியும்.

நல்ல குளிர் அடித்தால் இளங்கிளைகூடப் பூத்துவிடும். வட இந்தியாவில் அது நடக்கும். சென்னையில் ஜனவரி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்பதால், நம்மூர் மரம் பெரிதும் நம்பியிருப்பது கிளையின் வயதை. கடைசியாகத் துளிர்த்த பிறகு நான்கைந்து மாதம் அது சும்மா இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம் இங்கேதான் வருகிறது. மரத்தைக் காயப்போட்டால் பயந்துபோய்ப் பூக்கும் என்பார்கள். எலுமிச்சைக்கு அது ஓரளவு சரி. மாமரத்தில் வறட்சி நேரடியாகப் பூவை வரவழைப்பதில்லை. மொட்டை எழுப்பாமல் வைத்திருக்கிறது, அந்த இடைவெளியில் இலை முதிர்ந்துவிடுகிறது. நாம் ஆர்.ஓ. கழிவுநீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வருடம் முழுக்க மரத்தடியில் விட்டால் மொட்டு தூங்கவே முடியாது. போதாக்குறைக்கு ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு வேறு. மாமரத்துக்கு உப்பு ஆகாது, இலை நுனி கருகும்.

வடகிழக்குப் பருவமழை நம் பேச்சைக் கேட்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டியது போல மழை பிந்தி வந்து, அதன் பிறகு ஒரு கிளை தளிர்த்துவிட்டால், அந்தப் பருவத்துக்கு அந்தக் கிளையை மறந்துவிட வேண்டியதுதான். மரம் முழுதும் ஒரே நேரத்தில் தளிர்ப்பதில்லை என்பதால் ஒரு பக்கம் பூவும் மறுபக்கம் தளிருமாக நிற்கும்.

பொட்டாசியம் நைட்ரேட் தெளித்து மாமரத்தைப் பூக்க வைக்கும் முறையை 1970களில் உலகுக்குக் காட்டியவர் பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி ரமோன் பார்பா. அந்த உப்பும் மொட்டை எழுப்பத்தான் செய்யும். இலை முதிராத கிளையில் தெளித்தால் பூ கிடைக்காது.

அப்புறம், கவாத்து. வெட்டிய இடத்தில் புதுத் தளிர் வரும், அதற்கும் அதே நான்கைந்து மாதக் கணக்குதான். காய் பறித்த கையோடு, ஆனி ஆடிக்குள் வெட்டிவிடுங்கள். ஐப்பசியில் கத்தி வைத்தால் அடுத்த காய்ப்பையும் சேர்த்து வெட்டியதாகிவிடும்.

நட்டு இரண்டு மூன்று வருடமே ஆன ஒட்டுக்கன்றுக்கு இந்தத் தண்ணீர்ப் பட்டினி வேண்டாம். அது வேர் பிடிக்கிற வயது, ஊற்றுங்கள். பெரிய மரத்துக்கு, பூ உதிர்ந்து பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் தண்ணீரை மறுபடி ஆரம்பிக்கலாம். அடிமரத்தை ஒட்டி ஊற்றாமல், கிளை நிழல் விழும் ஓரத்தில் ஊற்றுங்கள்.