ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுப் பாருங்கள்: ரெடிமிக்ஸ் பிளான்ட் கழுவுதண்ணீர் பற்றி

பெரிய மழை ஓய்ந்த மறுநாள் ஓடையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும்; மீன் மட்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். ஓடையோடு மேலே ஏறிப் போனால், கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்பும் ஒரு ரெடிமிக்ஸ் பிளான்ட் இருக்கும். அங்கே கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: "லாரி கழுவுன தண்ணிய மூணு தொட்டியில தெளிய வெச்சுத்தான் சார் விட்டோம்." இந்தப் பதிலை இன்னும் எத்தனை தடவை கேட்பது? சொல்பவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெளிய வைத்துத்தான் விட்டிருக்கிறார். தெளிந்த தண்ணீரை வெளியே விடலாம் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இரவு நீற்றித் தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் சுண்ணாம்பு அடியில் படிந்து மேலே பளிங்கு மாதிரித் தண்ணீர் நிற்கும். அதை யாராவது குடிப்பார்களா? வாய் வெந்துபோகும். சிமெண்டில் தண்ணீர் பட்டதும் வெளியே வருவது அதே சுண்ணாம்புதான். லாரி டிரம் கழுவிய தண்ணீரின் பி.எச். (காரமா அமிலமா என்று காட்டும் எண், 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 12-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கும். மணலும் சிமெண்ட் தூளும் தொட்டியின் அடியில் தங்கும். கரைந்துபோன சுண்ணாம்பு தங்காது. உப்பைக் கரைத்து ஒரு மாதம் அசைக்காமல் வைத்தால் உப்பு அடிக்குப் போய்விடுமா? மூன்று தொட்டி கட்டினாலும் முப்பது கட்டினாலும் இதே கதைதான். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப் பட்டு பி.எச். மெல்ல இறங்கும் என்பது உண்மை. ஆனால் தினமும் புதுக் கழுவுதண்ணீர் வந்து சேரும் தொட்டியில் அதற்கு நேரம் ஏது? கடைசித் தொட்டியின் மேல் பாலாடை மாதிரி வெள்ளையாக ஒரு படலம் கட்டும், குச்சியால் தொட்டால் சில்லுசில்லாக உடையும். அந்த ஆடை தெரிகிறவரை அடியில் இருப்பது சுண்ணாம்புத் தண்ணீர்தான்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். மூன்றாவது தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுக் கலக்குங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேரும்போது வருகிற அதே சிவப்பு, கண்முன்னே ஏறும். பக்கத்தில் இன்னொரு டம்ளரில் குடிதண்ணீர் எடுத்து அதே மஞ்சளைப் போடுங்கள், மஞ்சளாகவே இருக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மஞ்சள் மூட்டை மூட்டையாக விலை போகிற ஊரில் இந்தச் சோதனைக்குப் பணம் ஒரு காரணமே இல்லை. ஆனால் மஞ்சள் எச்சரிக்கை மட்டும்தான் செய்யும், எண் சொல்லாது. எண்ணுக்கு 1 முதல் 14 வரை காட்டும் பி.எச். தாள் வேண்டும், அல்லது மீட்டர். மீட்டர் வைத்திருக்கும் பல பிளான்ட்களில் 4, 7 பஃபரில் (பி.எச். தெரிந்த சோதனைக் கரைசலில்) மட்டும் சரிபார்த்துவிட்டு 12-ஐ அளக்கிறார்கள். 7, 10 இரண்டிலும் சரிபாருங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

நீர்நிலைக்குள் விடும் கழிவுநீரின் பி.எச். 5.5-இலிருந்து 9-க்குள், கரையாமல் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் என்பது சட்டத்தின் அளவு. இதைக் கேட்டதும் அடுத்த யோசனை "போர் தண்ணியக் கலந்து விட்டுடலாமே". பி.எச். கணக்கு கூட்டல் கணக்கு இல்லை, ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு. 12-ஐ 9-க்குக் கொண்டுவர, மழைநீர் மாதிரி உப்பில்லாத தண்ணீரென்றால் 1 லிட்டருக்கு 1,000 லிட்டர் ஆகும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் அவ்வளவு ஆகாது. ஆனால் கலந்ததும் சுண்ணாம்பு வெளுப்பாகத் திரிந்து ஓடைக்கல் மேல் பூச்சு கட்டும். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் மாவட்டத்தில் அதற்காகப் போர் ஓட்டுவது நியாயமா?

திருமணிமுத்தாற்றில் விட்டால் "அது ஏற்கெனவே சாக்கடைதானே" என்கிறார்கள். சாக்கடையில்தான் ஆபத்து கூடுதல். சாக்கடை நீரில் அம்மோனியம் உண்டு. பி.எச். 7-இல் அதில் நூற்றில் ஒரு பங்குகூட விஷமான அம்மோனியாவாக இருக்காது, 9.25-ஐ எட்டினால் பாதி அப்படி மாறிவிடும். மலையில் பிறந்து சேலம் நகரத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேர்கிற ஆறு அது.

சரி, தண்ணீரை என்னதான் செய்வது? திரும்பக் கான்கிரீட்டிலேயே போடுங்கள். இந்தப் பதில் இவ்வளவு எளிதாக இருக்கும்போது ஏன் ஓடையைத் தேடுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 கலவைத் தண்ணீருக்கு பி.எச். 6-க்குக் குறையக்கூடாது என்கிறது. மேல் எல்லை சொல்லவில்லை. மீனைக் கொல்லும் அதே சுண்ணாம்பு கான்கிரீட்டுக்குப் பகையில்லை. பார்க்க வேண்டியவை வேறு: மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்குள், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு குளோரைடு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் அந்தத் தண்ணீரில் கான்கிரீட் கியூப் (சோதனைக் கனசதுரம்) போட்டு உடைத்துப் பாருங்கள். 28 நாள் பலம், வாலைவடிநீரில் போட்ட கியூபின் பலத்தில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. முதலில் நல்ல தண்ணீரோடு கலந்து, குறைந்த கிரேடு கான்கிரீட்டில் ஆரம்பியுங்கள். ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம்) சீக்கிரம் விழுகிறதா என்று கவனியுங்கள்.

ஆசிட் ஊற்றிச் சரிசெய்வதைத் தயவுசெய்து விடுங்கள். ஒரு கேன் அதிகமானால் பி.எச். 12-இலிருந்து 3-க்கு விழும், ஊற்றுகிறவன் கை, கண் போகும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் என்றால் குளோரைடு ஏறி அந்தத் தண்ணீர் கான்கிரீட்டுக்கும் ஆகாது. இறக்கியே ஆகவேண்டும் என்றால் சிலிண்டர் கரியமில வாயுவைத் தொட்டியின் அடியில் குமிழ்களாக விடுங்கள். அளவு தப்பினாலும் பி.எச். 6-ஐ ஒட்டி நின்றுகொள்ளும். ஆனால் அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது.

தொட்டிகளுக்கு வருவோம். ஒரு நாளைக்கு 20 லாரி, லாரிக்கு 500 லிட்டர் என்றால் 10,000 லிட்டர். ஒவ்வோர் அறையும் ஒரு நாள் தண்ணீரைத் தாங்கி, மழைக்கும் இடம் விட வேண்டும். 4 மீட்டருக்கு 3 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 18,000 லிட்டர் பிடிக்கும். முதல் அறைக்குச் சரிவுப்பாதை வைத்தால்தான் லோடர் இறங்கிச் சேறு அள்ளும். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் சுவரின் முழு அகலத்துக்கும் மேலாக வழிய வேண்டும்; மூலையில் ஒரு பைப் வைத்தால் நேர்கோட்டில் ஓடிப் போய்விடும். பெரும்பாலான இடங்களில் கெட்டுப்போவது தொட்டி இல்லை, அள்ளாத சேறு. முக்கால்வாசி சேறு நிறைந்த தொட்டியில் தண்ணீர் மேலாக இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு சேறு ஏறியதும் அள்ளுங்கள். அள்ளியதைத் தளம் போட்ட இடத்தில், வடியும் தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே வரும்படி காயவையுங்கள். ஏரிக்கரையில் கொட்டாதீர்கள். மண்ணில் வெட்டிய வெறும் குழியும் தொட்டி ஆகாது. நம் ஊரில் அடியில் வெடிப்பு விட்ட பாறை. குழியில் நின்ற தண்ணீர் வெடிப்பு வழியாகப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் போய் நிற்கும்.

பிளான்ட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தாலும், வேலை நடக்கும் இடத்தில் சூட் (லாரியிலிருந்து கான்கிரீட் இறங்கும் சரிவுத் தகடு) கழுவுகிற தண்ணீர் தப்பிவிடுகிறது. டிரைவர் அண்ணன்மாரே, கெஞ்சிக் கேட்கிறோம்: ரோட்டோர வாய்க்காலில் கழுவாதீர்கள். முதலில் மண்வெட்டியால் வழித்துப் போடுங்கள், பிறகு கொஞ்சம் தண்ணீரில் கழுவி, சூட்டுக்கு அடியில் வைத்த தொட்டியில் பிடித்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏற்காட்டில் வீடு கட்டுகிறவர்களுக்கும் இதேதான். அங்கே மிக்சர் மெஷினை ஓடை ஓரம் நிறுத்திக் கழுவினால், கீழே ஊற்றை நம்பியிருக்கும் ஊருக்குச் சில மணி நேரத்தில் போய்விடும்.

மழைக்கணக்கைப் பலரும் போடுவதில்லை. ஒரு ஏக்கர் யார்டில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர். மேலே சொன்ன மூன்று அறைகளும் சேர்ந்து 54,000 லிட்டர்தான். அதனால் கூரை நீரும் வெளியிலிருந்து வரும் நீரும் யார்டுக்குள் நுழையாமல் சுற்றுவாய்க்காலில் திருப்பிவிடுங்கள். லாரி கழுவும் மேடைக்குக் கூரையும் உயர்ந்த விளிம்பும் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே தொட்டியைக் காலி செய்யுங்கள். டீசல், அட்மிக்ஸர் (கான்கிரீட்டில் சேர்க்கும் ரசாயனம்) பீப்பாய்களைச் சுற்றித் தொட்டிச்சுவர் கட்டுங்கள், பீப்பாய் முழுதும் கொட்டினாலும் தாங்கும் அளவுக்கு.

கிரஷர்காரர்களுக்குச் சுண்ணாம்புத் தொல்லை இல்லை, உங்களுக்குத் தூள்தான் பிரச்சனை. எம்-சாண்ட் கழுவிய தண்ணீரில் 10 மைக்ரான் தூள் 1 மீட்டர் கீழே இறங்க 3 மணி நேரம் ஆகும். 2 மைக்ரான் தூளுக்கு 3 நாள். ஒரு மணி நேரத் தொட்டி கட்டிவிட்டு "தெளியலையே" என்றால் எப்படித் தெளியும்? தூளைத் திரட்டிப் படியவைக்கும் பாலிமர் போடுவதென்றால் எதிர்மின்னேற்ற வகையை வாங்குங்கள், நேர்மின்னேற்ற வகை மீனுக்கு ஆகாது. அளவை ஜாடிகளில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்தத் தூள் ஏரிக்குப் போனால் அடிமண்ணை மெழுகின மாதிரி மூடிவிடும், நிலத்தடிக்கு நீர் இறங்காது. கல் குவாரிக் குழியில் நிற்கும் தண்ணீரைத் தூசி அடக்கத் தெளிக்கலாம், குடிக்கக் கொடுக்காதீர்கள். வெடிமருந்திலுள்ள அம்மோனியம் நைட்ரேட் அதில் கரைந்திருக்கலாம், குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

ஓடை ஓரம் இருப்பவர்களுக்கு ஒன்று. சந்தேகமாக இருந்தால் அங்கேயே பி.எச். தாளை நனைத்து, எண்ணும் நேரமும் தெரிய போட்டோ எடுங்கள். தண்ணீரைப் பிடிப்பதென்றால் பாட்டிலை விளிம்புவரை நிரப்பிக் காற்று இல்லாமல் மூடுங்கள். பாதி பாட்டிலில் உள்ள காற்றுகூட பி.எச்.சைக் கொஞ்சம் இறக்கிவிடலாம். நிழலில் வைத்து, அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் சேருங்கள்.