ஒருமுறை கண்ட சிறுத்தை ஏன் மீண்டும் மறைவதில்லை?

தேயிலைச் செடிகளுக்கிடையே சிறுத்தை படுத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் முதலில் இலைகள் மட்டுமே தெரிந்தன என்றும், தம்பி அதன் காதைச் சுட்டிக்காட்டிய பின் சிறுத்தையைக் காணாமல் அப்படத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றும் எழுதி, அதற்குக் காரணம் கேட்டிருக்கிறார் பொகவந்தலாவை மாணவி ஒருவர்.

விழிவில்லை ஒளியைக் குவிப்பதும், விழித்திரை அதைக் கணத்தாக்கங்களாக்கிப் பார்வை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புவதும் பாடநூலில் உள்ளவையே. பாடநூல் சொல்லாமல் விடுவது எதிர்த்திசைப் போக்குவரத்தை. கண் அனுப்பும் செய்தியைப் பெறும் மூளைப் பகுதியான, பின்தலையிலுள்ள பார்வைப் புறணியிலிருந்து செய்தி மேல்நிலைப் பகுதிகளுக்குச் செல்வது போலவே, அங்கிருந்தும் ஏராளமான நரம்பிழைகள் அதை நோக்கித் திரும்பி வருகின்றன. அவை கொண்டுவருவது, நாம் முன்பே சேர்த்துவைத்த மனச்சட்டகங்களின், அதாவது எது எப்படி இருக்கும் என்று அனுபவத்தால் மனத்தில் பதிந்த வரைவுகளின், எதிர்பார்ப்பு. 'ஸ்கீமா' எனப்படும் இக்கருத்தை, நினைவு பற்றிய தமது ஆய்வுகளின் வழியே 1932இல் உளவியலில் நிலைநிறுத்தியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரெட்ரிக் பார்ட்லெட்.

எதிர்பார்ப்பு படத்தையே மாற்றுமா? கனடிய உளவியலாளர் கிரெய்க் மூனி, சாம்பல் நிறம் அறவே இல்லாத, கறுப்பும் வெள்ளையும் மட்டுமான முகப்படங்களைக் கொண்டு நடத்திய ஆய்வை 1957இல் வெளியிட்டார். இவ்வகைப் படம் பலருக்கு முதலில் சிதறிய மைத்திட்டுகளாகவே தோன்றும். அதன் மூலப் புகைப்படத்தை ஒரு கணம் காட்டிவிட்டால், அதே திட்டுகள் மூக்காகவும் நிழல் விழுந்த கன்னமாகவும் கூடிவிடும். தாளில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. மாறுவது தலைக்குள் நடப்பதே; தம்பி காதைக் காட்டிய பின் சிறுத்தை மறையாமல் நின்றதும் இப்படித்தான். இத்தகைய படங்களை வைத்து மூளையை ஸ்கேன் செய்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, படம் புரிந்த பின் பார்வைப் புறணியின் தொடக்கப் பகுதிகளிலேயே எழும் செயற்பாட்டுக் கோலம், மூலப் புகைப்படம் எழுப்பும் கோலத்தை நெருங்கிவிடுவதைக் காட்டியது. கோடுகளையும் விளிம்புகளையும் மட்டுமே அளப்பதாக நாம் நம்பியிருந்த இடம்கூட, மேலிருந்து வரும் செய்திக்கேற்பத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

புதியவர் வெறும் பச்சையாகக் காணும் சரிவில், கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட தளிரையும் விட்டுவிட வேண்டிய முற்றிய இலையையும் கை போகும் வேகத்திலேயே பிரித்தறிவதும் இத்தகைய சட்டகங்களின் பயனே. அதைத் திறன்சாரா வேலை என்று வகைப்படுத்துவோர், எதைத் திறன் என்று எண்ணுகிறார்களோ தெரியவில்லை.

முகச் சட்டகம் மட்டும் அளவுக்கு மீறி விழிப்பானது. வைக்கிங் 1 விண்கலம் 1976இல் எடுத்த படத்தில் செவ்வாயின் மேட்டு நிலமொன்று முகமாகத் தோன்றியது. 2001இல் கிடைத்த துல்லியமான படத்தில் அது சாதாரணப் பாறைமேடுதான். மூடுபனிப் படங்களில் தெய்வ முகம் கண்டு பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்வோரும் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

சட்டகம் மறைப்பதும் உண்டு. நுரையீரல் ஸ்கேன் படங்களில் கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க வல்லுநர்களில் 20 பேர், அவற்றில் வேண்டுமென்றே செருகப்பட்டிருந்த கொரில்லா உருவத்தைக் கவனிக்கவில்லை என்று 2013இல் ஓர் ஆய்வு அறிவித்தது. அந்த உருவம் சராசரிக் கட்டியைப்போல் 48 மடங்கு பெரியது. கண்ணசைவுப் பதிவின்படி, தவறவிட்டவர்களில் பெரும்பாலோர் அது இருந்த இடத்தை நேராகவே பார்த்திருந்தனர்.