கயிற்றைச் சுருட்டாத வின்ச்

வின்ச் என்றால் எங்கள் சேலம் பக்கத்தில் இரண்டு ஞாபகத்துக்கு வரும். ஒன்று, பழனி மலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவது. இன்னொன்று, கிணறு வெட்டும் கிரேன். வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் பாறைக் கிணறு வெட்டுகிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெடி வைத்து உடைத்த கல்லைத் தொட்டியில் அள்ளிப் போட்டதும் எஞ்சின் உறுமும். கம்பி வடம் டிரம்மில் வரிசை வரிசையாகச் சுருண்டு ஏற, தொட்டி மேலே வரும். 40 அடி வடம் உள்ளே வந்தால் அந்த 40 அடியும் டிரம்மில்தான் இருக்கும்.

பாய்மரப் படகின் வின்ச்சும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். போன வருஷம் என் தங்கை மகன் கொச்சியிலிருந்து ஒரு ஜோடி பழைய வின்ச்சைக் கோணிப்பையில் சுற்றி என் லேத் பட்டறைக்கு எடுத்து வந்தான். நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து 30 அடிக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள ஒரு பழைய படகு வாங்கியிருந்தான். "மாமா, இதைச் சரிபண்ணலாமா, இல்ல புதுசு போட்டுடலாமா, பார்த்துச் சொல்லுங்க" என்றான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடுக்கை மாதிரி இடுப்பு லேசாக ஒடுங்கிய ஒரு உருளை. உச்சியில் கைப்பிடி செருக ஒரு குழி. கயிற்றின் நுனியை மாட்ட ஒரு ஓட்டைகூட இல்லை.

"கயிற்றை எதில்டா கட்டுவீங்க?"

"கட்டவே கூடாது மாமா. மூணு சுத்து சுத்திட்டு நுனியைக் கையில பிடிச்சுக்கணும்."

படகு வின்ச்சின் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு பதிலில் இருக்கிறது. கிணற்றுக் கிரேன் கயிற்றைச் சேர்த்து வைக்கும். படகு வின்ச் கயிற்றைக் கவ்வ மட்டுமே செய்யும். ஒரு பக்கம் உள்ளே வரும் கயிறு மறுபக்கம் வெளியே போய்விடும். டிரம்மில் எப்போதும் அந்த மூன்று நான்கு சுற்றுதான்.

கையால் பிடிக்கிற நுனி எப்படி நூற்றுக்கணக்கான கிலோவைத் தாங்கும்? கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தையில் இதைப் பார்க்கலாம். முரண்டு பிடிக்கும் காளையைக் கயிற்றோடு மல்லுக்கட்டி யாரும் நிறுத்துவதில்லை. பக்கத்தில் இருக்கும் கம்பத்தில் கயிற்றை இரண்டு சுற்று போட்டு நுனியைப் பிடித்துக்கொள்வார்கள். பத்து வயதுப் பையன்கூடப் பிடித்துவிடுவான். காளையின் இழுப்பைத் தாங்குவது கம்பத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் உள்ள உராய்வு.

இதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்கு எழுதிவிட்டார் லியோனார்ட் ஆய்லர். பின்னால் ஐட்டல்வைன் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் பெயரும் அதோடு சேர்ந்துகொண்டது. சாரம் இவ்வளவுதான்: ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் கெழு, அதாவது சொரசொரப்பைக் குறிக்கும் எண், 0.2 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு மூன்றரை மடங்கு. இரண்டு சுற்றுக்கு 12 மடங்கு, மூன்றுக்கு 43, நான்குக்கு 150. இன்னொரு ஆச்சரியம், டிரம் பெரிசா சிறிசா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. எத்தனை சுற்று, எவ்வளவு சொரசொரப்பு என்ற இரண்டு மட்டும்தான்.

நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தது. பட்டறைத் தூணில் வின்ச்சைப் பக்கவாட்டில் போல்ட் போட்டு, கயிற்றில் 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தொங்கவிட்டு, மறுநுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டிப் பார்த்தோம். ஒரு சுற்று போட்டபோது முள் 14 கிலோ பக்கம் நின்றது. இரண்டாவது சுற்றில் நாலு கிலோ. மூன்றாவது சுற்றில் தராசைக் கழற்றிவிட்டு இரண்டு விரலால் பிடித்தேன், மூட்டை அசையாமல் தொங்கியது. 30 வருஷமாக இரும்போடு பழகும் எனக்கு அன்றைக்குப் பூராவும் அதே நினைப்பாக இருந்தது.

பிடிப்பு சரி, இழுப்பு எப்படி? படகில் பாயின் மூலையை இழுத்துக் கட்டும் கயிற்றைக் கடற்கரை மக்கள் தாமான் என்பார்கள். அதில் எவ்வளவு இழுவிசை வரும் என்று பார்க்கப் படகுக்காரர்கள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்பாயின் பரப்பைச் சதுர மீட்டரிலும் காற்றின் வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, பரப்பாலும் பெருக்கி, கடைசியில் 0.021ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிலோவில் விடை வரும். இவன் படகின் முன்பாய் 30 சதுர மீட்டர். 10 நாட் காற்றில் 63 கிலோ. காற்று 20 நாட்டுக்கு, அதாவது மணிக்கு 37 கிலோமீட்டருக்கு ஏறினால் 252 கிலோ. காற்று இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகிவிடுகிறது. "காலையில ஒத்தைக் கையால இழுக்கிறது, சாயங்காலம் ரெண்டு பேர் சேர்ந்தாலும் வர மாட்டேங்குது" என்று அவன் புலம்பியதற்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் நெம்புகோலும் கியரும் வருகின்றன. வின்ச்சின் மேல் 16, 40 என்று போட்டிருக்கும் எண்ணைப் பலரும் டிரம்மின் அளவு என்று நினைக்கிறார்கள். அது ஏறக்குறைய வலுப்பெருக்கம். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம், அதாவது ஆரம் 40. கைப்பிடியின் நீளம் 254 மில்லிமீட்டர். இரண்டையும் வகுத்தால் 6.35. உள்ளே கியர் 6.28 மடங்கு. பெருக்கினால் 40 வரும். அதுதான் 40 எண் வின்ச். நீங்கள் 10 கிலோ விசை கொடுத்தால், கியர் உராய்வில் போவதை விட்டுவிட்டால், கயிறு 400 கிலோவாக இழுக்கும்.

சும்மா கிடைக்கிறதா என்றால் இல்லை. கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் உங்கள் கை ஒன்றரை மீட்டருக்கு மேல் பயணம் போகிறது, கயிறு 4 சென்டிமீட்டர்தான் உள்ளே வருகிறது. தூரத்தைக் கொடுத்து வலுவை வாங்குகிறோம். பாய் இன்னும் தளர்வாகப் படபடத்துக்கொண்டிருக்கும்போது இந்த வேகம் போதாது. அதற்காகத்தான் இரண்டு வேக வின்ச். கைப்பிடியை ஒரு திசையில் சுற்றினால் 2.13 மடங்கு கியர், சுற்றுக்கு 12 சென்டிமீட்டர் கயிறு வரும். பாயில் காற்று நிறைந்து கை திணறும்போது கைப்பிடியை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். கியர் மாறிவிடும், டிரம் மட்டும் பழைய திசையிலேயே சுற்றும். ஏற்காடு போகிற பஸ் அடிவாரம் வரைக்கும் டாப் கியரில் வந்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவையும் சின்னக் கியரில் ஏறுகிற மாதிரிதான். இங்கே கியர் லீவருக்குப் பதில் கையைத் திருப்புவது.

திசை மாற்றினால் கியர் மாறுவது எப்படி என்று பார்க்கத்தான் ஒரு இரண்டு வேக வின்ச்சைக் கழற்றினேன். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்ன நாக்குகள், ஒவ்வொன்றின் பின்னாலும் மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங். சைக்கிள் ஃப்ரீவீலில் இருப்பதே இங்கேயும். பெடலை முன்னால் மிதித்தால் நாக்கு பல்லில் மாட்டி இழுக்கும், பின்னால் சுற்றினால் டிக் டிக் என்று வழுக்கும். இரண்டு வேக வின்ச்சில் இப்படி இரண்டு தொகுதி. வலப்புறம் சுற்றும்போது ஒன்று மாட்டும், மற்றது வழுக்கும். இடப்புறம் சுற்றினால் அதுவே தலைகீழ். இரண்டாவது வழியில் ஒரு சக்கரம் கூடுதலாக இருப்பதால் டிரம்மின் திசை மாறாமல் நிற்கிறது. 1903இல் நதானியேல் ஹெரஷாஃப் வடிவமைத்த ரிலையன்ஸ் என்ற பந்தயப் படகிலேயே இரண்டு வேக வின்ச்சுகள் தளத்துக்குக் கீழே இருந்தன.

இவன் கொண்டுவந்த இரண்டும் ஒற்றை வேகம், 16 எண். அதில் ஒன்றின் நாக்குகள் அசையவே இல்லை. முன்னால் சர்வீஸ் செய்தவர் நாக்குகளுக்கும் சேர்த்துக் கிரீஸை அப்பியிருந்தார். அது உப்போடு கலந்து, காய்ந்த பலாப்பிசின் மாதிரி இறுகிப்போயிருந்தது. நாக்கு பல்லில் பாதி மாட்டியும் மாட்டாமலும் நின்று, பாரம் ஏறியதும் சறுக்கியிருக்கிறது. கைப்பிடி திரும்ப அடித்ததில் பையனின் மணிக்கட்டு ஒரு மாசம் வீங்கிக் கிடந்தது. கியருக்கும் பேரிங்குக்கும் கிரீஸ் போடலாம், அதையும் மெலிசாகத்தான் தடவ வேண்டும். நாக்குக்கு எண்ணெய் மட்டும், இரண்டு சொட்டு. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டீசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரிங்கை மாற்றி எண்ணெய் விட்டதும் டிரம் டிக் டிக் என்று பேச ஆரம்பித்தது. கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பாதி வியாதி வராது.

அப்புறம், எந்த அளவு வாங்குவது? படகின் நீளத்தைப் பார்த்து வாங்குவதுதான் வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. படகில் வலு குறைந்தவர் யாரோ, அவர் கையை வைத்துக் கணக்குப் போட வேண்டும். 252 கிலோவை 16 எண் வின்ச்சில் இழுக்க 16 கிலோ விசை வேண்டும், உராய்வையும் சேர்த்தால் அதற்கும் மேல். இளவட்டம் சமாளிக்கும். ஆனால் படகு சாய்ந்து, தளம் ஈரமாகி, மழையும் அடிக்கும்போது பத்தாவது தடவையும் அதே விசை வருமா? 40 எண்ணில் அது ஆறேகால் கிலோதான். அதனால் 40ஐ எடுக்கச் சொன்னேன். மின்சார வின்ச்சும் இருக்கிறது. அது விரலையும் கயிற்றையும் பிரித்துப் பார்க்காது, அதனால் சின்னப் படகுக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

இன்னொரு செலவு கட்டாயம் செய்ய வேண்டும். டிரம்மின் உச்சியில் ஸ்பிரிங் வைத்த ஒரு கவ்வு வளையம் உள்ள ரகம் கிடைக்கிறது. சுற்றி வந்த நுனியை அதில் சொருகினால் தானே பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள சின்னக் கை கயிற்றை உரித்து வெளியே விடும். முன்பு ஒருவர் சுற்ற, இன்னொருவர் நுனியை இழுக்க வேண்டும். இதில் ஒருவரே போதும், இரண்டு கையாலும் சுற்றலாம். ஆனால் கவ்வு வளையத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் கயிறு என்று அளவு உண்டு. மெலிந்த கயிறு வழுக்கிவிடும்.

பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கயிறு கொஞ்சம் கீழேயிருந்து, ஐந்து முதல் பத்து டிகிரி சரிவில், டிரம்முக்கு ஏறி வர வேண்டும். மேலேயிருந்து வந்தால் புதுச் சுற்று பழைய சுற்றின் மேல் ஏறி நசுக்கிப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது. படகின் தளம் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்த சாண்ட்விச். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அந்த மரம் உளுத்துவிடும். ஓட்டையைப் பெரிசாகப் போட்டு, எபாக்ஸிப் பசையால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் அளவான ஓட்டை போட வேண்டும். கீழே தாங்கு தகடு வைக்க வேண்டும். எங்கள் ஊர் எவர்சில்வருக்குப் பேர்போனது, இருந்தாலும் சாதாரண 304 ரகம் உப்புக்காற்றில் பழுப்பேறும். மாலிப்டினம் கலந்த 316இல்தான் தகடு வெட்டிக் கொடுத்தேன். வின்ச்சின் அடிப்பகுதி அலுமினியமாக இருந்தால் எவர்சில்வர் போல்ட்டை நேராகத் தொடவிடக் கூடாது. இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், அது ஒரு பேட்டரி. அலுமினியத்தைத் தின்றுவிடும். அதைத் தடுக்கும் பசையைத் தடவித்தான் முடுக்க வேண்டும்.

பழைய இரண்டையும் தூக்கிப் போடவில்லை. கேபின் கூரைக்கு மாற்றி, பாயை மேலே ஏற்றும் கயிறுகளுக்கு வைத்தோம். அந்த வேலைக்கு 16 தாராளம்.

போன மாசம் தங்கையும் நானும் கொச்சிக்குப் போயிருந்தோம். கடலில் 15 நாட் காற்று. கணக்குப்படி தாமானில் 140 கிலோ சொச்சம். தங்கைக்கு 56 வயது, முழங்கால் வலி வேறு. உட்கார்ந்தபடியே கயிற்றை இரண்டு சுற்று போட்டாள். "இன்னொண்ணு போடும்மா, பாய் நிறையறதுக்குள்ள" என்றான் மகன். மூன்றாவதும் போட்டு, நுனியை வளையத்தில் சொருகி, கைப்பிடியைச் சுற்றினாள். கயிறு விறுவிறுவென்று வந்தது. பாய் நிறைந்து படகு சாய்ந்ததும் கை கனத்தது. யாரும் சொல்லாமலே எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கினாள். சுற்றுக்கு நாலு சென்டிமீட்டராகத் தாமான் உள்ளே வந்தது.